சங்கிலி போட்ட ஆறு

ராத்திரி இரண்டு மணி இருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழும்பிய கோட்டை ஒன்றுக்குள், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தூக்கம் வராமல் படுத்திருந்தேன். பேய் பயமெல்லாம் இல்லை. சரக்கு ரயில்தான் காரணம்.

மலைக்குக் கீழே ரைன் நதி. நதியின் இந்தக் கரையில் ஒரு ரயில் பாதை, அந்தக் கரையில் இன்னொன்று. பள்ளத்தாக்கு ஒடுங்கியது என்பதால் ஒரு பக்கம் போகும் ரயிலின் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வருகிறது. ஒன்று போய் முடிந்து, அப்பாடா என்று கண்ணை மூடினால் எதிர்க்கரையில் அடுத்தது ஆரம்பிக்கிறது. காலையில் பல் தேய்க்கும் இடத்தில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜெர்மன்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஒரு ராத்திரி. கீழே இருப்பவர்கள் வாழ்நாள் முழுக்க" என்றார்.

அந்த வாக்கியம் அடுத்த நாள் பூராவும் கூடவே வந்தது.

இங்கே வருவதற்குக் காரணம் பிராங்க்பர்ட்டில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன். "மச்சி, அங்க கோட்டைக்குள்ளயே தூங்கலாம்டா, நம்ம ஹாஸ்டல் மாதிரிதான், காசும் கம்மி" என்று போனில் சொன்னான். பொய் சொல்லவில்லை. பாகராக் என்ற சின்ன ஊருக்கு மேலே நிற்கும் ஷ்டாலெக் கோட்டை இன்று இளைஞர் விடுதி. 1689-இல் பிரெஞ்சுப் படை வெடிவைத்துத் தகர்த்த இடிபாட்டை 1920களில் மறுபடி எழுப்பத் தொடங்கி விடுதியாக்கினார்கள். அதாவது, நான் தூங்காமல் புரண்ட அறைக்கு அதிகம் போனால் நூறு வயது.

இந்தப் பள்ளத்தாக்கில் எதைத் தொட்டாலும் இப்படித்தான். பழசு என்று நினைத்துத் தட்டினால் புதுசாக ஒலிக்கும். புதுசு என்று நினைத்தால் அடியில் எழுநூறு வருஷத்துக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கும்.

*

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலையில் பிறந்து வடகடலில் சேரும் ரைன், ஜெர்மனியின் பிங்கன் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் இடையே மலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. சுமார் 65 கிலோமீட்டர். இந்தத் துண்டை 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இதற்குள் கோட்டைகள் மட்டும் ஏறக்குறைய நாற்பது. சில முழுசாக, சில பாதியாக, சில வெறும் சுவராக.

நான் ரூடஸ்ஹைமில் கப்பல் ஏறி பாகராக்கில் இறங்கினேன். ஆற்றோரம் நெடுக வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்கள் நிற்கும். கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணி வரும் கிலோமீட்டர் கணக்கு அது. எனக்கு எண் தெரிந்தால் போதும், மனசு தானாகக் கணக்கு போட ஆரம்பித்துவிடும். பிங்கனைத் தாண்டி இரண்டு மூன்று பலகை போவதற்குள் ஒரு கோட்டை, இன்னும் இரண்டு மூன்று பலகைக்குள் அடுத்தது. ரைன்ஷ்டைன், ரைஷன்ஷ்டைன், சூனெக்... கப்பல் ஒலிபெருக்கி பெயர்களைச் சொல்லச் சொல்ல மேல்தளத்தில் எல்லோரும் போனைத் தூக்கினோம். நானும்தான். ஒரு மணி நேரத்தில் நூற்றிச்சொச்சம் படம்.

அப்புறம்தான் உறைத்தது. பகைவனிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒரு கோட்டை கட்டலாம். ரெண்டு கட்டலாம். பஸ் ஸ்டாப் மாதிரி இத்தனை நெருக்கமாக யாராவது கட்டுவார்களா?

விடை ஆற்றில் இருக்கிறது. ரயில் வருவதற்கு முன்னால் ஆல்ப்ஸ் பக்கத்திலிருந்து வடகடலுக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் ரைன்தான் நெடுஞ்சாலை. ஒயின், உப்பு, தானியம், மரம், துணி எல்லாம் படகில். கீழ்நோக்கிப் போகும் படகை நீரோட்டம் கொண்டுபோகும். மேல்நோக்கி வரும் படகைக் கரையோர இழுவைப் பாதையில் குதிரைகளும் மனிதர்களும் கயிறு கட்டி இழுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆறு அகலம், கரை திறந்த வெளி. இங்கே இரண்டு பக்கமும் செங்குத்து மலை, நடுவில் ஒடுங்கிய நீர், கரையில் ஒற்றைப் பாதை. படகு தப்பிக்க வழியே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் மேலே ஒரு கோபுரமும் கீழே நாலு ஆளும் இருந்தால் போதும். காசு தானாக வரும்.

இந்தக் கோட்டைகளில் பெரும்பாலானவற்றின் கதை ஏதோ ஒரு இடத்தில் சுங்கத்தைத் தொடாமல் போகாது. வழிகாட்டிப் பலகைகளில் இது எழுதியிருக்கிறது. ஆனால் படம் எடுக்கும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

பிங்கனுக்குப் பக்கத்தில் ஆற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கோபுரம் உண்டு. எலிக் கோபுரம் என்று பெயர். பஞ்ச காலத்தில் தானியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, பசி என்று வந்த ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தினாராம் ஹாட்டோ என்ற மைன்ஸ் பேராயர். எலிகள் கூட்டமாக வந்து அவரைத் துரத்த, இந்தக் கோபுரத்துக்கு ஓடி ஒளிந்தாராம். எலிகள் நீந்தி வந்து தின்று தீர்த்தனவாம். நிஜத்தில் அது மைன்ஸ் பேராயர்களின் சுங்கக் காவல் கோபுரம். ஜெர்மன் மொழியில் சுங்கத்துக்கு 'மவுட்' என்று ஒரு சொல் உண்டு, அதுவே மருவி எலி ஆனது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சொல் மருவியதோ இல்லையோ, சுங்கம் வாங்குகிறவனை எலி தின்றதாகக் கதை கட்டி ஊர் மனசை ஆற்றிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

*

சட்டப்படி சுங்கம் வாங்கும் உரிமை அரசருடையது. அவர் கொடுத்தால்தான் மற்றவர் வாங்கலாம். ஆனால் ஜெர்மானிய அரசர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்கள் மூவருக்கும் ரைன் பலடினேட் இளவரசருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் இருந்தது. ஓட்டு வேண்டுமென்றால் சலுகை கொடுக்க வேண்டும். 1220-இலேயே பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், திருச்சபை இளவரசர்களின் நிலத்தில் அவர்கள் சம்மதமில்லாமல் புதிய சுங்கம் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

விளைவு என்ன? 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரைன் முழுவதற்கும் இருபதுக்கும் குறைவாக இருந்த சுங்கச்சாவடிகள், அடுத்த சில நூற்றாண்டுகளில் சுமார் அறுபதாகப் பெருகின என்கிறார்கள் பொருளாதார வரலாற்றாசிரியர்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த நோய் புரியும். ஒரு கோரிக்கை பன்னிரண்டு சேவைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு குழுவும் "நாங்கள் கொஞ்சம்தான் நேரம் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லும். அது உண்மையும்கூட. மொத்தமாகப் பயனர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதைப் பொருளாதாரத்தில் முதலில் கணக்காகப் போட்டவர் பிரெஞ்சுக்காரர் கூர்னோ, 1838-இல். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் மைக்கேல் ஹெல்லர், 2008-இல் வந்த தன் புத்தகத்தில், ஒரே பொருளின் மேல் நிறையப் பேருக்குத் தடுக்கும் உரிமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரைன் சுங்கத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். நானும் விடுதியின் கூடத்தில் உட்கார்ந்து சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பொம்மைக் கணக்கு. சுங்கமே இல்லாவிட்டால் நூறு படகு வரும், மொத்தச் சுங்கம் ஒரு காசு ஏறினால் ஒரு படகு குறையும் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறு முழுவதும் ஒரே முதலாளி கையில் இருந்தால், அவருக்கு லாபமான விலை 50 காசு. ஐம்பது படகு வரும். வருமானம் 2,500.

அதே ஆற்றில் பன்னிரண்டு பேர், ஒருவரை ஒருவர் கலக்காமல், அவரவர் லாபத்தை மட்டும் பார்த்து விலை வைத்தால்? ஒவ்வொருவரும் எட்டு காசுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்குவார். பேராசை என்றே சொல்ல முடியாது. ஆனால் மொத்தம் 92 காசு ஆகிவிடும். எட்டு படகுகூட வராது. பன்னிரண்டு பேரின் மொத்த வருமானம் சுமார் 710. ஒற்றைக் கொள்ளைக்காரன் இருந்தால் வணிகனுக்கும் நல்லது, பங்கு பிரித்துக்கொண்டால் கோட்டைக்காரர்களுக்கும் நல்லது. பன்னிரண்டு நியாயவான்கள் சேர்ந்தால் ஆறு காலி.

நிஜம் இத்தனை சுத்தமாக இருக்காது. விலக்குகள் இருந்தன, பேரம் இருந்தது, சரக்கைத் தரைவழியே திருப்பிவிடுவது இருந்தது. ஆனால் கணக்கின் திசை சரிதான். அந்த அதிகப்படியான காசைக் கடைசியில் கட்டியவர் படகோட்டியும் இல்லை, வணிகரும் இல்லை. எங்கோ ஒரு கீழ்நதி ஊரில் உப்போ தானியமோ வாங்கியவர்.

*

நாள் இரண்டு. பாகராக்கிலிருந்து ஆற்றோரமாகவே நடந்து, படகில் அக்கரை போனால் காவ்ப். அங்கிருந்து இன்னொரு சின்னப் படகு, ஆற்று நடுவே ஒரு பாறைத்திட்டில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் கோட்டைக்குப் போகிறது. வெள்ளைச் சுவரும் கூர் மூக்குமாக, நங்கூரம் போட்ட கல் கப்பல் மாதிரி இருக்கும். மூக்கு நீரோட்டத்தைப் பார்த்து நிற்கிறது. அழகுக்காக அப்படி வைக்கவில்லை. குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்களை உடைத்து ஒதுக்கத்தான்.

இது ஆரம்பத்திலிருந்தே சுங்கத்துக்காக மட்டுமே கட்டப்பட்டது. 1327 வாக்கில் நடுக் கோபுரத்தைக் கட்டியவர் பவேரியரான மன்னர் லூட்விக். கரையில் காவ்ப் ஊர், மேலே குட்டன்ஃபெல்ஸ் கோட்டை, நடுவில் இது. மூன்றும் சேர்ந்து ஒரு பொறி. ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி கட்டிப் படகுகளை நிறுத்தினார்கள் என்றும், கட்டாத படகோட்டிகளைக் கோபுரத்தின் அடிக்குழிக்குள் இறக்கி வைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தக் குழியை எட்டிப் பார்த்தேன். மேலிருந்து போன் வெளிச்சம் அடித்தால் அடி தெரிகிறது. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது.

இந்தக் கோட்டையை யாரும் பிடித்ததில்லை, யாரும் இடித்ததும் இல்லை. பிரஷ்யா இந்தப் பகுதியை எடுத்துக்கொண்ட 1866 வரை சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். ஐந்நூறு வருஷத்துக்கும் மேல். நீராவிக் கப்பல் வந்து, மறுகரையில் ரயிலும் வந்துவிட்ட பிறகும்.

'கொள்ளைக்கார வீரர்கள்' என்று ரைன் கதைகளில் அடிக்கடி வரும். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் பேரரசே தலையில்லாமல் தடுமாறிய காலத்தில், மலைமேல் உட்கார்ந்து படகுகளை மறித்த பிரபுக்கள். 1273-இல் மன்னராகத் தேர்வான ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப், 1282-இல் ரைஷன்ஷ்டைன், சூனெக் கோட்டைகளை முற்றுகையிட்டு இடித்தார். பாடப்புத்தகத்தில் இது சட்டம் ஜெயித்த கதை. ஆனால் ஒரு படகோட்டியின் பக்கம் நின்று பார்த்தால்? அனுமதிக் கடிதம் உள்ளவன் வாங்கினால் சுங்கம், இல்லாதவன் வாங்கினால் கொள்ளை. போகிறது அதே பைக் காசு.

கடிதம் இருந்தவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ரைன்ஃபெல்ஸ் சாட்சி. காவ்ப்பில் கப்பல் ஏறினேன். லோரலை பாறையைச் சுற்றித் திரும்பியதும் இடது கரையில் சாங்க்ட் கோவார், மேலே பிரம்மாண்டமான இடிபாடு. 1245-இல் காட்ஸன்எல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீத்தர் கட்டியது. பத்து வருஷத்தில் அவர் சுங்கத்தை ஏற்றினார். அப்போது மைன்ஸ், வோர்ம்ஸ் முதலான நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருந்தன. 1254-இல் உருவான அந்த ரைன் நகரக் கூட்டணிக்கு ஒரே குறி: வழியை அமைதியாக்கு, அநியாயச் சுங்கத்தை நிறுத்து. வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த ஊர்கள் ஆள் திரட்டி, 1255-இல் ரைன்ஃபெல்ஸை வளைத்துக்கொண்டன. ஒரு வருஷமும் பதினான்கு வாரமும் முற்றுகை என்கிறது பழைய குறிப்பு. கோட்டை விழவில்லை.

இது எனக்கு வலித்தது. கோட்டை விழுந்த கதைகளைப் பாட்டாகப் பாடுவார்கள். விழாத கோட்டைக்கு முன்னால் ஒரு வருஷம் கூடாரம் போட்டுக் காத்திருந்துவிட்டு, வெறும் கையோடு ஊர் திரும்பிய பீப்பாய்க்காரனையும் தறிக்காரனையும் யார் பாடுவார்கள்? அந்தப் பிரபு குடும்பம் செழித்தது. அடுத்த நூற்றாண்டில் எதிர்க்கரையில் 'பூனை' என்று இன்னொரு கோட்டையும் கட்டியது. இரண்டு கரையிலும் பிடி. சற்றுத் தள்ளி ட்ரியர் பேராயர் ஒரு கோட்டை கட்ட, ஊர்க்காரர்கள் அதற்கு 'எலி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான்.

*

பாகராக்கைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன் என்றும் சொல்லலாம்.

ஊரிலிருந்து ஷ்டாலெக்குக்கு ஏறும் படிக்கட்டின் நடுவில் கூரையில்லாத ஒரு தேவாலயம். சிவப்புக் கல், உயரமான சன்னல் சட்டங்கள், சட்டத்துக்குள் கண்ணாடிக்குப் பதில் வானம். இன்ஸ்டாகிராமில் பாகராக் என்று தேடினால் இதுதான் முதலில் வரும். வெர்னர் ஆலயம்.

1287-இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்து கிடந்தான். யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஐரோப்பா முழுக்க அந்தக் காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பொய் அது. ஓபர்வேசல், பாகராக் தொடங்கி இந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். குற்றச்சாட்டை மன்னர் ருடால்ஃபே நம்பவில்லை. ஆனாலும் சிறுவன் புனிதனானான், யாத்திரிகர்கள் வந்தார்கள், ஆலயம் எழும்பியது. ட்ரியர் மறைமாவட்டம் அவன் பெயரைத் தன் நாட்காட்டியிலிருந்து எடுத்தது 1963-இல்தான்.

ஆலயம் எப்படி இடிந்தது தெரியுமா? 1689-இல் மேலே ஷ்டாலெக்கை பிரெஞ்சுப் படை வெடித்தபோது கோட்டைக் கல் சரிந்து அதன் மேல் விழுந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

சுங்கக் கதையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மானிய நிலங்களில் யூதர்கள் சுங்கச்சாவடியைக் கடக்கும்போது சரக்குக்கு மட்டும் கட்டவில்லை. அவர்கள் உடம்புக்கும் கட்டினார்கள். 'உடல் சுங்கம்' என்றே அதற்குப் பெயர். ஒயின் பீப்பாய்க்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, யூதனுக்கு இவ்வளவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும்தான் ஒவ்வொரு நாடாக இதை நீக்கின.

லோரலையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஹைன்ரிஹ் ஹைன. யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கவிதை 1824-இல் வந்தது. பாறைமேல் உட்கார்ந்து தலைவாரி, பாட்டால் படகோட்டிகளைக் கவிழ்க்கும் அந்தப் பெண் ஆதிகாலத்துத் தொன்மம் இல்லை. அவளை முதலில் எழுதியவர் பிரெண்டானோ, 1801-இல். அதே ஹைன பாகராக் யூதர்களைப் பற்றி ஒரு நாவலும் எழுதத் தொடங்கினார். இரத்தப் பழிக்குப் பயந்து ஒரு ரபியும் மனைவியும் இரவோடு இரவாகப் படகில் தப்பும் கதை. முடிக்காமலே 1840-இல் வெளியிட்டார். கப்பல் ஒலிபெருக்கியில் லோரலை பாட்டு போட்டார்கள். அந்த நாவலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

*

இடிபாடுகள் எப்போது அழகாயின?

பிரெஞ்சுப் படைகள் 1689-இல் பல கோட்டைகளைத் தகர்த்தன. தப்பிய ரைன்ஃபெல்ஸை 1692-இல் பெரும்படையோடு வந்தும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1794-இல் சண்டையே இல்லாமல் புரட்சிப் படையிடம் கைமாறி, அடுத்த சில வருஷங்களில் வெடித்துச் சிதறியது. அதன் கல்லை அள்ளிக்கொண்டுபோய் கோப்லென்ஸுக்கு எதிரே எரன்பிரைட்ஷ்டைன் கோட்டையைக் கட்டினார்கள். அப்போது இடிபாடு என்றால் கல் குவாரி, அவ்வளவுதான்.

1815-இல் நெப்போலியன் வீழ்ந்தபின் ரைன்லாந்து பிரஷ்யாவுக்குப் போனது. 1817-இல் ஆங்கில ஓவியர் டர்னர் வந்து வரைந்தார். 1820களின் இறுதியில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கோப்லென்ஸில் கடை வைத்திருந்த கார்ல் பேடெக்கர் என்ற பதிப்பாளர், ரைன் பயண நூல் ஒன்றை எடுத்துத் திருத்திப் போட்டு, உலகத்துக்கே பயணக் கையேடு என்றால் என்ன என்று காட்டினார். நாம் இன்று போனில் பார்க்கும் 'தவறவிடக் கூடாத பத்து இடங்கள்' பட்டியலின் கொள்ளுத்தாத்தா இந்தக் கரையில்தான் பிறந்தார்.

பிரஷ்ய இளவரசர்கள் கோட்டைகளை வாங்கினார்கள். 1823-இல் இளவரசர் ஃபிரெடரிக் ரைன்ஷ்டைன் இடிபாட்டை வாங்கி மறுபடி கட்டினார். அதே வருஷம் கோப்லென்ஸ் நகரம், பட்டத்து இளவரசருக்கு ஷ்டோல்ட்சன்ஃபெல்ஸ் இடிபாட்டைப் பரிசாகக் கொடுத்தது. மஞ்சள் பூச்சும் தோட்டமுமாக அது அரண்மனை ஆனது. புதிதாக வந்த அரசர்களுக்குப் பழைய சுவர் தேவைப்பட்டது. நாங்களும் இந்த மண்ணில் பழசுதான் என்று காட்ட வேண்டுமே. ரயில்காரர்கள்கூட லோரலை பக்கத்துச் சுரங்க வாயில்களைக் கோட்டை வாசல் மாதிரி கோபுரம் வைத்துக் கட்டினார்கள். இந்த 65 கிலோமீட்டரில் ஒருபோதும் இடிக்கப்படாத மலைக்கோட்டை என்று மார்க்ஸ்பூர்க் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் இடிபாடு, அல்லது பத்தொன்பதாம் இருபதாம் நூற்றாண்டுகளின் கனவு.

1868-இல் மன்ஹைம் ஒப்பந்தம் ரைனில் சுங்கமே கூடாது என்றது. இன்றுவரை அது அமலில் இருக்கிறது. ஆறு சுதந்திரமானது.

*

ஆனால் கரை?

பிராங்க்பர்ட்டிலிருந்து வரும் ரயில் ரூடஸ்ஹைமை நெருங்கும்போது ஆற்றில் சில பாலத் தூண்களின் மிச்சம் தெரியும். முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டி, 1945-இல் தகர்ந்த பாலம். அதற்கப்புறம் மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே சுமார் எண்பது கிலோமீட்டருக்கு ஒரு பாலம்கூடக் கிடையாது. சாங்க்ட் கோவாரில் நின்றால் எதிர்க்கரை சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனின் சன்னல்களை எண்ணலாம். படகு இல்லாத நேரத்தில் காரில் போக வேண்டுமென்றால் கோப்லென்ஸ் வரை போய்த் திரும்பி, அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

பாலம் கேட்டு ஊர்க்காரர்கள் பல வருஷமாகப் பேசுகிறார்கள். 2009-இல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. ஆனால் அதே வருஷம் டிரெஸ்டன் நகரம் எல்பே பள்ளத்தாக்கில் ஒரு பாலம் கட்டியதற்காக உலக மரபுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. எல்லோருக்கும் பயம். 2011-இல் வந்த மாநில அரசு திட்டத்தை ஓரங்கட்டியது, பிற்பாடு மறுபடி பேச்சு எழுந்தது. பாலம் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்கிறவர்களும் அங்கேயே வாழ்கிறவர்கள்தான். படகுத் தொழில் போய்விடும், லாரிகள் கூடிவிடும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கிடையில் ஆள் குறைந்துகொண்டே போகிறது. செங்குத்துச் சரிவுகளில் கைவிடப்பட்ட திராட்சைத் தோட்டங்கள் புதராகிக் கிடக்கின்றன.

காவ்ப்பில் ப்ளூஹரின் சிலை நிற்கிறது. 1814 புத்தாண்டு இரவில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு வந்த பிரஷ்யத் தளபதி. அந்தக் கல் கப்பல் கோட்டை நிற்கும் திட்டையே நடுப்படியாக வைத்து, ரஷ்யப் பொறியாளர்கள் மிதவைப் பாலம் போட, படை ஆற்றைத் தாண்டியது. ராணுவத்துக்கு என்றால் உறைபனிக் காலத்தில்கூடச் சில நாளில் பாலம் வந்துவிடுகிறது.

இரவு ரயில்களும் இந்தக் கணக்கில்தான் வரும். ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை போகும் ஐரோப்பாவின் முக்கியச் சரக்குப் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. பழைய இரும்பு பிரேக் போட்ட சத்தக்கார வண்டிகளை 2020 டிசம்பரிலிருந்து ஜெர்மனி தடை செய்துவிட்டது. முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்றார் அந்தப் பக்கத்துக் கட்டில்காரர். முன்னே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஒரு காலத்தில் ஆற்றில் போகிறவர்கள் கட்டினார்கள், கரையில் இருந்தவர்கள் வாங்கினார்கள். இப்போது ஆற்றில் போகிற எனக்கு எல்லாம் இலவசம். காட்சி கெடாமல் இருக்க வேண்டும், சரக்கு தடையில்லாமல் போக வேண்டும் என்று உலகம் கேட்கிறது. அதற்கான செலவைத் தூக்கமாக, சுற்று வழியாக, பள்ளிக்கூடத்துக்குப் படகு பிடிக்கும் நேரமாகக் கரைக்காரர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோட்டைகள் இடிந்தும் சங்கிலி அவிழவில்லை. மறுமுனையை வேறு ஆட்கள் பிடித்திருக்கிறார்கள். அந்த ஆட்களில் நானும் ஒருத்தன். பாலம் வந்தால் என் படம் கெட்டுப்போகும் என்று முதல் நாள் கப்பலில் நினைத்தவன்தான் நான்.

சாயங்காலம் சாங்க்ட் கோவாரில் இறங்கி, பிராங்க்பர்ட் ரயிலுக்காக அக்கரை போகப் படகுத்துறைக்கு வந்தேன். நாலைந்து கார், ஒரு டிராக்டர், பள்ளிப் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் கோட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். தோல்பை மாட்டிய ஒருவர் வந்து கையை நீட்டினார். சில்லறை கொடுத்தேன். கிழித்துக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

படகு நடு ஆற்றுக்குப் போனபோது தெற்கே லோரலை பாறை நல்ல வெளிச்சத்தில் இருந்தது. பாறைக்கு அடியில் ஒரு சரக்கு ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். முடிவதற்குள் அக்கரை வந்துவிட்டது.